பிள்ளைக்குச் சட்டை, பெற்றவளுக்கு என்ன?



தக்கலைப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு ஒரு பேரக்குழந்தை பிறந்தது, அல்ஹம்துலில்லாஹ். மகளுக்கு அது முதற்பேறு. அறுவைச் சிகிச்சை மூலம் நிகழ்ந்தது. ஐந்தாம் நாள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஏழாம் நாள் அகீகா முடிந்து, பெயர் சூட்டி, வந்தவர்கள் எல்லாம் விடைபெற்ற பிறகு, அன்பளிப்பாக வந்த பொருட்களை எடுத்து அடுக்கினோம். குழந்தைக்கு 27 சட்டைகள். சோப்பும் பவுடரும் எண்ணெயும் அடங்கிய பெட்டிகள் 9. கொசுவலை 3. தங்க மோதிரம் 4. கரடி பொம்மை ஒன்று. அது குழந்தையைவிடப் பெரியது. ஹார்லிக்ஸ் குப்பிகள் 6. இத்தனையிலும் பெற்றவளுக்கென்று ஒன்றுகூட இல்லை. ஹார்லிக்ஸையும் வந்தவர்களுக்குக் கலக்கிக் கொடுத்தே தீர்த்திருந்தோம்.

அவள் அப்போது உள்ளறையில் கட்டிலின் விளிம்பைப் பிடித்தபடி எழ முயன்றுகொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் தையலை அழுத்திப் பிடித்திருந்தது. தண்ணீர்ச் செம்பு அவளது கைக்கு எட்டாத தூரத்தில், அன்பளிப்புப் பொட்டலங்களுக்குப் பின்னால் இருந்தது. அதை அங்கே வைத்தவர்கள் நாங்கள்தாம்.

அந்தக் காட்சி எங்களை வெட்கப்பட வைத்தது. பிறர் மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாங்களும் இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளை பார்க்கப் போன வீடுகளுக்கெல்லாம் சட்டைதான் எடுத்துச் சென்றோம். பெற்றவளுக்கு என்ன கொண்டுபோவது என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை. ஆகவே இந்தக் கேள்வியை முதலில் எங்களிடமே கேட்டுக்கொண்டு, பிறகு உங்கள் முன்னும் வைக்கிறோம்.

நூற்றில் நாற்பத்தைந்து

அறுவைப் பேறு இன்று அரிதான ஒன்றல்ல. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நிகழும் பேறுகளில் நூற்றுக்கு 44.9 அறுவைச் சிகிச்சை வழியானவை. இந்திய அளவில் அது 21.5. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 63.8. இத்தனை அறுவைகளும் தேவைதானா என்பது வேறொரு கேள்வி. அதை மருத்துவர்களும் அரசும் விவாதிக்கட்டும். நாம் பிள்ளை பார்க்கப் போகும் வீடுகளில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றில் வயிற்றில் தையலோடு ஒரு பெண் படுத்திருக்கிறாள் என்பதே இங்கு நமக்குத் தேவையான செய்தி.

அவளது உடலில் என்ன நடந்திருக்கிறது? தோல், அதன் கீழுள்ள கொழுப்பு, தசையை மூடியிருக்கும் உறை, வயிற்றின் உட்சவ்வு, கருப்பை என ஒவ்வோர் அடுக்காகத் திறந்து குழந்தையை எடுத்துவிட்டுத் தைத்திருக்கிறார்கள். வேறு எந்தப் பெரிய அறுவை செய்துகொண்டவரையும் நாம் படுக்கவைத்துப் பாதுகாப்போம். பித்தப்பை அறுவை முடிந்து வந்த மாமாவை இரவில் இரண்டு மணிக்கொரு முறை எழுப்பி, ஓர் உயிருக்கு ஊட்டச் சொல்ல மாட்டோம். இவளை மட்டும் அந்தப் பணிக்கு மறுநாளே அமர்த்திவிடுகிறோம். இருமினாலும் சிரித்தாலும் தையல் இழுக்கும். படுக்கையிலிருந்து எழுவதே ஒரு வேலை. குழந்தையைவிடக் கனமான எதையும் சில வாரங்களுக்குத் தூக்க வேண்டாம் என்பார்கள் மருத்துவர்கள். உடல் தேறுவதற்குச் சாதாரணமாக ஆறு வாரங்களாகும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும்.

'கத்தியில் எடுத்த பிள்ளை'

இந்த வலியோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அது நமது நாக்கிலிருந்து வருவது. 'நோவு தெரியாமப் பெத்துட்டா', 'கத்தியில எடுத்த பிள்ளைதானே', 'எங்க காலத்துல பெத்துப் போட்டுட்டு அடுப்படிக்குப் போனோம்' என்று கட்டிலின் அருகிலேயே நின்று பேசுகிறோம். சொல்பவர் மறந்துவிடுவார். கேட்டவள் ஆண்டுகள் கடந்தும் நினைவில் வைத்திருப்பாள்.

திருமறை இத்தகைய பாகுபாடு எதையும் செய்யவில்லை. ஒரு தாய் சிரமத்தோடு சுமந்து, சிரமத்தோடு பெறுகிறாள் என்று அல்லாஹ் குறிப்பிடுகிறான் (46:15). பலவீனத்தின் மேல் பலவீனமாக அவள் சுமந்ததை எண்ணிப் பெற்றோருக்கு நன்றி செலுத்துமாறு கட்டளையிடுகிறான் (31:14). எந்த வழியாகப் பிறந்தது என்ற விசாரணை அங்கே இல்லை. கருவுற்ற நிலையிலோ பேற்றிலோ உயிர் நீக்கும் பெண்ணை ஷஹீதுகளின் வரிசையில் சேர்த்துச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். ஷஹீதின் தகுதியைத் தொடும் ஆபத்தினூடே சென்று மீண்டிருப்பவளிடம், 'நீ எளிதாகப் பெற்றுவிட்டாய்' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆகவே, அறுவைப் பேறு கண்டவளுக்கு நாம் கொண்டுசெல்ல வேண்டிய முதல் அன்பளிப்புக்குக் காசு வேண்டியதில்லை. அந்தச் சொற்களை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்வது போதும்.

மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்தவை

பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பது என்பதற்குத் திருமறையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மர்யம் (அலை) அவர்களின் பேறுகாலம் சொல்லப்படுகிறது (19:23–26). நாம் பலமுறை ஓதிய வசனங்கள். குழந்தை ஈஸா (அலை) அவர்களின் சிறப்பை எண்ணியே அவற்றைக் கடந்துபோயிருக்கிறோம். ஒரு முறை தாயை மட்டும் பார்த்து ஓதுங்கள்.

பேற்று வலி அவர்களைப் பேரீச்சமரத்தின் அடிப்பகுதிக்குக் கொண்டுவருகிறது. இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று சொல்லுமளவு மனம் நொந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலைப்படாதீர் என்று ஆறுதல்தான் வருகிறது. காலடியில் நீரோடை கிடைக்கிறது. மரத்திலிருந்து கனிந்த பழம் விழுகிறது. உண்ணவும், பருகவும், கண் குளிர்ந்திருக்கவும் சொல்லப்படுகிறது. அதன்பின் வருவதுதான் நம்மை வியக்க வைப்பது. மனிதர் எவரையேனும் கண்டால், நான் மௌன நோன்பு நேர்ந்திருக்கிறேன், எவரோடும் பேச மாட்டேன் என்று தெரிவித்துவிடுமாறு கற்பிக்கப்படுகிறது. வருவோர் போவோரின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லும் சுமை பெற்றவளின் தலையிலிருந்து இறக்கப்படுகிறது.

சாய்வதற்கு ஒரு துணை, தண்ணீர், உணவு, ஆறுதல், பேசாதிருக்கும் உரிமை. அனைத்தும் தாய்க்கு உரியவை. நாம் கொண்டுசெல்லும் பையில் இவற்றில் எது இருக்கிறது?

பையில் எதை வைக்கலாம்?

'அப்படியென்றால் என்னதான் வாங்குவது?' என்று கேட்பீர்கள். மகளிடம் கேட்டும், எங்கள் உறவில் அறுவைப் பேறு கண்ட மற்றப் பெண்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

சாய்வதற்கு: உறுதியான ஒரு தலையணை. இருமும்போது வயிற்றோடு அணைத்துக்கொள்ளவும், பால் கொடுக்கும்போது குழந்தையின் கனம் தையலில் விழாமல் தாங்கவும் அது உதவும். கட்டில் உயரமாக இருந்தால், கால் வைத்து ஏற ஒரு சிறு முக்காலி. வீட்டில் தரைக் கழிப்பறை மட்டுமே உள்ளதென்றால், குந்தி உட்கார முடியாதவளுக்கு ஒரு கழிப்பறை நாற்காலி பெரும் உதவி. அதை வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டில் பயன்படாமல் கிடப்பதை ஒரு மாதத்துக்கு இரவல் தரலாம்.

உடுத்துவதற்கு: முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி இரண்டு. இடுப்பு நாடா தையலின் மேல் உரசாத தளர்ந்த உடை. நெருங்கிய ராத்தா, மைனி முறையுள்ளவர்கள் என்றால், தழும்புக்கு மேலே நிற்கும் பருத்தி உள்ளாடையும் பெரிய அளவு நாப்கின்களும் வாங்கிக் கொடுக்கலாம். அறுவைப் பேறு என்றாலும் பேற்றுத் தீட்டு உண்டு. இதைக் கடைக்குப் போய் வாங்கிவர ஆண்களிடம் சொல்லக் கூசி, பழந்துணியோடு நாட்களைக் கழித்த பெண்களை எங்களுக்குத் தெரியும்.

பருகுவதற்கு: ஒரு கையால் திறக்கக்கூடிய தண்ணீர்க் குப்பி, இரவில் வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க். பால் கொடுக்க அமர்ந்தவுடன் தாகம் எடுக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உண்பதற்கு: சமைத்த உணவு. நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. வெந்தயக் கஞ்சி, கருப்பட்டி சேர்த்த உளுந்தங்களி, பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, மட்டிப்பழம். அறுவைக்குப் பின் மலச்சிக்கல் பெருந்தொல்லை. முக்கினால் தையல் வலிக்கும். அதனால் பழமும் கீரையும் தண்ணீரும் மருந்துக்கு நிகர். ஆனால் கொண்டுபோகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கருவுற்ற காலத்தில் சர்க்கரை இருந்தவளுக்குக் கருப்பட்டியும் ஹல்வாவும் ஆகாமற்போகலாம். பிரசவ லேகியமும், மூலிகை வெந்நீர்க் குளியலும், வயிற்றை இறுக்கிக் கட்டுவதும் பாட்டிமார் கைமருத்துவம் என்றாலும், பச்சைத் தையல் உள்ளவளுக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 2015 இல் தமிழ்நாடு அரசு அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. பெரும்பாலானவை குழந்தைக்கானவை என்றாலும், தாய்க்கென்று குளியல் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இடம்பெற்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தாய்க்கு வழங்கப்படும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து மருந்தும் உண்டு. பின்லாந்து நாட்டில் 1938 இல் வறிய தாய்மாருக்காகத் தொடங்கி, 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் விரிந்த பேறுகாலப் பெட்டியும் இத்தகையதே. அரசாங்கங்களுக்குத் தாயின் நினைவு வந்திருக்கிறது. சொந்தக்காரர்களாகிய நமக்கு வர வேண்டாமா?

கொண்டுபோகக் கூடாதவை

பால்புட்டியும் பால்மாவு டின்னும் நல்ல எண்ணத்தோடு வாங்கப்படும் தவறான அன்பளிப்புகள். அறுவைக்குப் பிறகு சிலருக்குப் பால் ஊறுவது ஓரிரு நாள் தாமதமாகும். அந்த நேரத்தில் கட்டிலுக்கருகில் புட்டி இருந்தால், 'உனக்குப் பால் போதாது' என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். தாய்ப்பாலுக்கு இடையூறு நேரக்கூடாது என்பதற்காகவே பால்மாவையும் புட்டியையும் விளம்பரப்படுத்துவதற்கும், அவற்றின் விற்பனைக்காகத் தாய்மாருக்கு மாதிரியோ அன்பளிப்போ கொடுப்பதற்கும் இந்தியாவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. நிறுவனம் செய்யக்கூடாததை உறவினர் செய்ய வேண்டாம். மருத்துவர் சொன்னால் குடும்பமே வாங்கிக்கொள்ளும்.

தேனும் அப்படியே. தேனில் நிவாரணம் உண்டு என்பது திருமறை வாக்கு (16:69). ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் கடும் நச்சுநோய் வரக்கூடும் என்று மருத்துவம் எச்சரிக்கிறது. தேன் கொண்டுபோனால் தாயிடம் கொடுங்கள். குழந்தையின் நாவில் தடவாதீர்கள்.

தங்கம் பற்றியும் ஒரு சொல். குழந்தைக்கு மோதிரம் போடுவதை ஹராம் ஹலால் விவாதமாக்க நாம் விரும்பவில்லை; அது ஒரு சேமிப்பு என்று சொல்வோரின் நியாயமும் புரிகிறது. ஆனால் 'அவர்கள் அரைப் பவுன் போட்டார்கள், நாம் எவ்வளவு போடுவது' என்ற கணக்கு வந்தவுடன் அன்பளிப்பு கடனாக மாறிவிடுகிறது. அந்தக் கடனை அடைக்க முடியாதவர்கள் பிள்ளை பார்க்கவே வராமல் இருந்துவிடுகிறார்கள். வந்திருந்தால் அவர்கள்தாம் ஒரு மணி நேரம் குழந்தையை மடியில் வைத்து, தாயைத் தூங்க விட்டிருப்பார்கள்.

மருத்துவமனைக் கட்டணம் யாருடையது?

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைப்பேறு பெண் வீட்டாரின் செலவு என்பது நம் பகுதியில் எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. வீட்டில் மருத்துவச்சி வந்து பேறு பார்த்த காலத்தில் அந்தச் செலவு ஓர் உறவின் உபசாரம் அளவில் நின்றது. இன்று தனியார் மருத்துவமனையில் அறுவைப் பேறு என்றால், அது ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும். திருமணக் கடன் தீராத வாப்பா, மகளின் பேற்றுக்காக மீண்டும் நகையை அடகு வைக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வந்து குழந்தைக்குச் சங்கிலி போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது? பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது குழந்தையின் தந்தையின் பொறுப்பு என்கிறது திருமறை (2:233). தலாக் சொல்லப்பட்ட பெண்ணேயானாலும், அவள் கருவுற்றிருந்தால் பெறும்வரை செலவு செய்ய வேண்டும், பிறகு பாலூட்டினால் அதற்குரியதையும் கொடுக்க வேண்டும் என்கிறது (65:6). பிரிந்துபோனவளுக்கே இத்தனை உரிமை என்றால், சேர்ந்து வாழும் மனைவியின் பேற்றுச் செலவை அவளுடைய வாப்பாவின் தலையில் சுமத்துவது எந்த நியாயம்?

பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நாம் குறை கூறவில்லை. உம்மாவின் அருகில் இருப்பது பெற்றவளுக்கு ஆறுதல். உம்மா தன் உழைப்பைத் தருகிறாள். அதுவே பெரிய கொடை. கட்டணத்தைக் கணவன் செலுத்தட்டும். மருமகளுக்கு என்ன அன்பளிப்பு வாங்குவது என்று யோசிக்கும் மாமியார்மாருக்கு எங்கள் பணிவான ஆலோசனை இதுதான்: சங்கிலிக்கு வைத்த பணத்தைக் கொண்டு மருத்துவமனைக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். உங்கள் மருமகள் அதைக் கழுத்தில் அணிய முடியாது; ஆனால் தன் வாப்பாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்காக துஆ செய்வாள்.

கடல் கடந்த கணவனுக்கு

நம் மாவட்டத்தில் எத்தனையோ தந்தையர் தம் பிள்ளையின் முகத்தைக் கைபேசித் திரையில்தான் முதலில் பார்க்கிறார்கள். வளைகுடாவிலிருந்து லீவு கிடைப்பது அவர்கள் கையில் இல்லை. பெட்டி நிறையப் பொம்மைகளும் வாசனைத் திரவியமும் ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புகிறார்கள். அந்த அன்பில் குறையில்லை.

எனினும் தம்பி, உன்னிடம் இரண்டு வேண்டுகோள். அழைக்கும்போது 'பிள்ளையைக் காட்டு' என்று தொடங்காமல், 'நீ உறங்கினாயா, தையல் எப்படி இருக்கிறது?' என்று தொடங்கு. இரண்டாவது, பொம்மைக்கு ஆகும் பணத்தில், துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரு பெண்ணுக்கு 40 நாள் கூலி கொடுக்க ஏற்பாடு செய். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் குடும்பத்தாரின் பணிகளில் உதவிக்கொண்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உன் கை அங்கே எட்டாதபோது, உன் சார்பில் ஒரு கையை அனுப்பிவை. அவளது கையில் செலவுக்கென்று ஒரு தொகையும் கொடு. யாரிடமும் கேட்டு நிற்காமல், ஆட்டோ பிடித்து ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போய்வர அது உதவும்.

வருகையும் ஓர் அன்பளிப்பு, வராமையும்

மருத்துவமனை அறையில் கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். பால் கொடுக்க வேண்டிய பெண் ஆடையைச் சரிசெய்துகொண்டு, அவர்கள் போகும்வரை காத்திருக்கிறாள், குழந்தை அழுகிறது. அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்பது இறைவனின் கட்டளை (24:27–28). பேறு கண்டவளின் அறைக்கு இந்த ஒழுக்கம் பொருந்தாதா? 'இப்போது தூங்குகிறாள், பிறகு வாருங்கள்' என்று ஓர் உம்மா சொன்னால், அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.

குழந்தை அழும் ஒலி கேட்டால், தாயின் மனம் தவிக்கும் என்பதற்காக நபி (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கிக்கொண்டார்கள். அல்லாஹ்வின் முன் நிற்கும் நேரமே ஒரு தாய்க்காகச் சுருங்கியதென்றால், நமது ஊர்க்கதை சுருங்கக் கூடாதா? பத்து நிமிடம் போதும். கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுங்கள், முத்தமிட வேண்டாம். காய்ச்சல், சளி இருந்தால் வராமல் இருப்பதே அன்பு.

நெருங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தையலில் சிவப்போ சீழோ, காய்ச்சலோ, மிகையான இரத்தப்போக்கோ, ஒரு காலில் மட்டும் வீக்கமோ இருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காரணமின்றி அழுகிறாள், உறங்க மறுக்கிறாள், குழந்தையைப் பார்க்கவே விருப்பமில்லை என்கிறாள் என்றால், 'கண்ணேறு' என்று ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஈமானின் குறை அல்ல. மர்யம் (அலை) அவர்களின் நொந்த சொல்லுக்கு இறைவன் அளித்த பதில் ஆறுதலாக இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

'எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?'

எங்கள் வாப்பும்மா எட்டுப் பெற்றவர், எல்லாம் வீட்டிலேயே. அவருக்கு யாரும் தலையணை வாங்கித் தரவில்லை, முன்திறப்பு நைட்டியும் இல்லை. அப்படியிருக்க இன்றைய பெண்களுக்கு மட்டும் ஏன் இத்தனை என்று மூத்தவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான்.

ஆனால் அவருக்குக் கிடைத்ததை எண்ணிப் பாருங்கள். ஒரே வளவில் நான்கு மைனிமார். அடுக்களையில் மாமி. மூத்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சோறூட்டச் சாச்சிமார். நாற்பது கழியும்வரை அவர் அடுப்படியில் கால் வைத்ததில்லை. அந்த நாற்பது நாளும் ஊரே சேர்ந்து அவருக்கு அளித்த அன்பளிப்பு. பேற்றுத் தீட்டு உள்ள காலத்துக்குத் தொழுகையிலிருந்தே விலக்களித்த மார்க்கத்தின் மக்கள், பெற்றவளுக்கு வேலையிலிருந்தும் விலக்களித்திருந்தார்கள். இன்று வளவு போய்விட்டது, வீடுகள் தனித்தனியாகிவிட்டன. மைனிமார் வேலைக்குப் போகிறார்கள், அல்லது துபாயில் இருக்கிறார்கள். அதே வேளையில் பேறு மட்டும் அறுவையாகிவிட்டது. கைகள் குறைந்து காயம் பெரிதாகிவிட்ட காலத்தில், சட்டைகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பொருளில்லை. நாம் கேட்பது புதிய வழக்கமல்ல. வாப்பும்மாவுக்குக் கிடைத்தது பேத்திக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான்.

அதற்கு வசதி தேவையில்லை. அண்டை வீட்டுப் பெண் கொடுப்பது ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாக எண்ண வேண்டாம் என்று முஸ்லிம் பெண்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஐந்து வீட்டார் சேர்ந்து, திங்கள் உங்கள் வீட்டுச் சோறு, செவ்வாய் எங்கள் வீட்டுச் சோறு என்று முறைவைத்துக்கொள்ளலாம். மூத்த பிள்ளையை மதரஸாவுக்கு அழைத்துப் போய் வரலாம். தையல் பிரிக்கும் நாளில் வண்டி ஓட்டி உதவலாம்.

எங்கள் மகளுக்கு ஒன்றுமே வரவில்லை என்று தொடக்கத்தில் சொன்னோம். அது முழு உண்மையல்ல. பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்ததில் ஒன்றைக் கணக்கில் சேர்க்கத் தவறிவிட்டோம். அகீகாவுக்கு முந்தைய நாள் அடுத்த வளவு மாமி ஒரு தூக்குவாளியில் வெந்தயக் கஞ்சியோடு வந்தார். தனியாக வாழ்பவர், சட்டை வாங்கிவர வசதியில்லாதவர். அறை வாசலில் நின்று, "வரட்டுமா மக்களே?" என்று கேட்டார். உள்ளே போனதும் குழந்தையைப் பார்க்காமல், "ஒனக்கு எப்படி இருக்கு? ஒறங்குனியா?" என்று மகளின் தலையைத் தடவினார். அவள் குடித்து முடிக்கும்வரை இருந்தார். பிறகு குழந்தையை எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்து, "அவ உறங்கட்டும், யாரும் கதவைத் தொறக்காதிய" என்றார். அஸர் பாங்கு சொல்லும்வரை மகள் உறங்கினாள். போகும்போது மூலையில் ஊறிக்கிடந்த துணி வாளியையும் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை துணிகள் மடித்து வந்தன.

27 சட்டைகளில் பலவும் குழந்தைக்குப் போடும் முன்பே சிறிதாகிவிட்டன. அந்தப் பிற்பகலின் உறக்கத்தை மகள் இன்றும் சொல்கிறாள்.

அடுத்த முறை பிள்ளை பார்க்கப் புறப்படும்போது, இன்ஷா அல்லாஹ், நாங்களும் ஒரு தூக்குவாளியோடு போவதாக எண்ணியிருக்கிறோம். நீங்களும் எண்ணிப் பாருங்கள். பேறு கண்ட நம் பெண்மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தையும், கண் குளிர்ச்சியையும், உதவும் கைகளையும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.